ஈவும் மீதியும்

கண்டனூர் வீட்டு வழக்குக்கு
அடியெண் கேட்டு ஆள் அனுப்பினார் வக்கீல் அடைக்கப்பன்.
தேவகோட்டைக் கோர்ட்டுக்கு எதிர்ச்சந்து,
ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி, என் மேசை.
கணக்கில் எம்.எஸ்சி.; பாகப்பிரிவினையில் வயிறு.

ஐந்து மகன்கள். அதுவரை ஒரு கை, சுலபம்.
பிறகு விரல்கள் கிளைத்துவிட்டன.
மூத்தவர் வழியில் இன்றைக்குப் பதினாறு பேர்,
அடுத்தவருக்கு ஒன்பது, பிறகு ஏழு, பதினொன்று,
கடைசி மகனுக்குப் பதிமூன்று.
ஒன்றோடொன்று எந்தக் காரணியும் பகிராத எண்கள்,
பேச்சு நின்றுபோன பங்காளிகளைப் போல.
அப்படிப்பட்டவர்களை ஒரே பந்தியில் உட்கார்த்த
எல்லாரையும் பெருக்குவது தவிர வழியில்லை.

720720.

கை நடுங்கி இருமுறை அடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
இல்லை. ஏழு, பதினொன்று, பதிமூன்று மூன்றும் சேர்ந்தால்
நாம் மொய்க் கவரில் வைக்கிற ஆயிரத்தொன்று.
அது தொட்ட மூவிலக்கம் எதுவும்
தன் பெயரை இரண்டு தரம் சொல்லும்.

ஒன்றிலிருந்து பதினாறு வரை
யார் வந்து கேட்டாலும் பிரிந்து கொடுக்கிற எண்;
இதைவிடச் சின்னதாக அப்படி இன்னொன்று கிடையாது.
இருநூற்று நாற்பது வகுத்திகள்.
அடுத்த வாசல் 720719ஐப் பாருங்கள்:
முப்பத்தொன்று, அறுபத்தேழு, முந்நூற்று நாற்பத்தேழு,
இந்த மூன்று பகா எண்களின் ஆட்களைத் தவிர
யாருக்கும் தாழ் திறக்காது.

வழிக்கு 144144.
மூத்தவர் வழியில் ஆளுக்கு மாகாணி: 9009,
முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே முகம்.
வீடு நாற்பதாயிரம் சதுர அடி.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, கிணற்றடி எல்லாம் நறுக்கினால்
ஒரு பங்கு எட்டுச் சதுர அங்குலம், மயிரிழை குறைவு.
தலைவாசல் சாவியைப் படுக்கப் போடலாம்.
ஐம்பத்தாறு பெயர், ஐம்பத்தாறு எண்,
கூட்டினேன், இடித்தது எதுவுமில்லை.
அன்று மத்தியானம் பசித்துச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மோல்மேனிலிருந்து தபால்.
கின் சோலைச்சி. மூத்தவர் வழி.
அப்பா பெயர் இரண்டு எழுத்துகளில்:
வட்ட வட்டமாக பர்மியம், கீழே கோணலாகத் தமிழ்.
பிறந்த சான்றிதழ் அசல். வக்கீல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் என்னிடம் தள்ளினார்.

பதினேழு.

இருநூற்று நாற்பது பேருக்கு வாசல் திறந்த எண்
இவளுக்குத் திறக்கவில்லை.
144144ஐப் பதினேழால் வகுத்தேன்.
ஈவு 8479. மீதி ஒன்று.

"ஈவு இரக்கம் இல்லாத கணக்கு" என்றார் வக்கீல்.
ஈவு இருக்கிறது சார் என்றேன்.
குமாஸ்தா சாத்தையா யோசனை சொன்னார்:
அந்த ஒன்றைக் கோயிலுக்கு எழுதிவிடலாம்.
எட்டு அங்குலத்தில் சாமி எப்படி நிற்கும் என்று
யாரும் கேட்கவில்லை.
பதினாறு பேரில் ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்தார்:
"ஒருத்திக்காக எல்லார் எண்ணையும் மாற்றுவீர்களா?"

பகா எண்ணின் குணம் அது, ஐயா.
அரைகுறையாக உள்ளே வரத் தெரியாது.
வந்தால் முழுசாக வரும்,
எல்லாரையும் தன்னால் ஒருமுறை பெருக்கிவிட்டு.

மாற்றினேன்.
ஒரு கோடியே இருபத்திரண்டு லட்சத்து
ஐம்பத்திரண்டாயிரத்து இருநூற்று நாற்பது.
ஒரு பங்கு இப்போது புளியங்கொட்டை அகலம்.
மீதி என்று எதுவும் இல்லை; சாமிக்கும் இல்லை.

ஐம்பத்தேழு வரிகள். கடைசியாக அவள் பெயரை அடித்து
எண்பத்தைந்தால் வகுத்தேன்.
144144.

நேற்றுவரை அவள் அப்பா வழி முழுவதற்கும்
நான் எழுதி வைத்திருந்த அதே எண்.
பழைய தாளைக் கிழிக்கப் போனவள்
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
கீழே ஜெராக்ஸ் மெஷின் சூடாகிக்கொண்டிருந்தது.
ஐம்பத்தேழு பிரதி, ஒன்று விமானத் தபாலுக்கு.